லோயர் பெர்த்

நாற்பத்தொரு நோட்டுகள்.
எண்ணி அடுக்கிவிட்டு
தோஹாவுக்குத் திரும்பினாள் பெனிலா.
பங்கு வைப்பதில் சண்டை ஒன்றுமில்லை.
காஷ்மீர் மட்டும் எனக்கு வேணும் என்றான் அஜின்.
சொன்னவன் அப்படியே அழுதுவிட்டான்.

ரயில்வேயில் நான் கண்டது
சம்பளமும் முதுகுவலியும்.
நீ கண்டது, சுகிர்தா,
வருஷத்துப் பாஸ்.

கல்யாணமான மாசமே கேட்டாய்:
இந்தச் சீட்ட வச்சு எம்புட்டுத் தூரம் போலாம்?
தண்டவாளம் தீருத வரைக்கும் என்றேன்
ஒரு பேச்சுக்கு.
நீ அதை வாக்காக எடுத்துக்கொண்டாய்.

திங்கள்நகர் பள்ளிக்கூடத்தில்
டிராயிங் வகுப்புக்கு மணியடித்துப் பூட்டியதும்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் முந்திரிக்கொத்து,
இரண்டு பிள்ளைகள், ஒரு தைலக்குப்பி,
எல்லாவற்றுக்கும் அடியில்
வண்ணப் பெட்டி.

தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து எடுக்க மாட்டாய்.
நர்மதையில் குனிந்து கோரினாய்.
ஜான்சியில் பிளாட்பாரக் குழாயில் பிடித்தாய்.
தாவி ஆற்றில் தம்ளரை முக்கப் போய்
ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தாய்.
தண்ணி மாறுனா பச்சையும் மாறும், பாருங்க என்பாய்.
பார்த்தேன்.
எனக்குப் பச்சை என்றால் சிக்னல்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு
சபை நாடகத்துக்குத் திரை எழுதினாய்.
மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் வேளிமலை,
அதன் அடியில் வரிசையாக ரப்பர் மரம்,
பால் வடியச் சிரட்டை கட்டியது.
பெத்லகேமில் ஏது ரப்பர் என்று
கமிட்டிக்காரர் நாலு பேர் வந்து நின்றார்கள்.
நீங்க போய்ப் பாத்தீங்களா என்றாய்.
சும்மா நக்கலுக்கு இல்லை.
ஒருவேளை போயிருந்தால்
வழி கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றுதான்.

நீ போன மூன்றாம் ராத்திரி
உறக்கம் வராமல் ஒரு நோட்டைப் பிரித்தேன்.
கோதாவரிப் பாலம். பக்கம் முழுக்க ஆறு.
ஓரத்தில் ஒரு கால்,
பெருவிரல் நகம் உடைந்தது.
என் கால்.

இடார்சியில் ஆரஞ்சுக் கூடைகளுக்கு நடுவே
என் திறந்த வாய்.
சம்பல் பள்ளங்களுக்கு முன்னால்
என் வயிறு, இன்னொரு குன்றாக.
அடியில் பென்சிலில், எறும்பு எழுத்தில்:
"எழுப்பினேன். ம் என்றார்."
"நாக்பூர். அஜினுக்குப் பல் விழுந்தது."
"பெனிலா இரண்டு தடவை வாந்தி. மலை அழகு."
"எழுப்பவில்லை. நைட் டூட்டி முடித்து வந்த மனுஷன்."

கண்ணை மூடியிருந்தேனே தவிர
உறங்கவில்லை என்று
எத்தனை தடவை உன்னிடம் சாதித்திருக்கிறேன்.
நாற்பத்தொரு சாட்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.
நீ பார்த்த இந்தியா முழுவதும்
என்னைத் தாண்டித்தான் தெரிகிறது.

கடைசி நோட்டில் நாலே பக்கம்.
நெய்யூர் ஆஸ்பத்திரி.
ஜன்னல், டிரிப்ஸ் கம்பி, துவர்த்து காயப்போட்ட கட்டில்,
மருந்து விழுங்க வைத்த தண்ணீரைத் தொட்டு எழுதியிருக்கிறாய்.
பிளாஸ்டிக் நாற்காலியில் நான்.
கண்கள் திறந்திருக்கின்றன.

அது தப்பு, சுகிர்தா.
அந்த விடியற்காலையில் நான் உறங்கித்தான் போனேன்.
நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள்.
நீ எழுப்பவில்லை.

இப்போது மணி ரெண்டே கால்.
இரணியலில் நிற்காத வண்டி ஒன்று
வீட்டை ஆட்டிவிட்டுப் போகிறது.
டியூப்லைட்டுக்குக் கீழே
தாவிக்கரையையும் நெய்யூர் ஜன்னலையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
இங்கே ஒரு மரம். அங்கே ஒரு மரம்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
இன்னொரு தடவை பார்க்கிறேன்.

வேறதான்.
ரெண்டு பச்சையும்
வேறதான்.